நூற்று நாற்பத்து மூன்று டொலர் அறுபத்திரண்டு சதம்

வீட்டுக்காரி கணினியைத் திருப்பிக் காட்டினாள்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
என் பெயருக்குக் கீழே, சிவப்பு முடிந்து
செம்மஞ்சள் தொடங்கும் இடத்தில்
ஓர் ஊசி நடுங்காமல் நின்றது.
ஒஷாவாவில் இரண்டு அறை, தெற்கே ஜன்னல்,
பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம்.
"மன்னிக்கவும்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

நான் ஒருவருக்கும் காசு வைக்கிறவள் இல்லை.
இந்துமதி அக்காவின் சீட்டில் பதினொரு வருஷம்.
ஒரு மாதமும் பிந்தினதில்லை,
பனி முழங்கால் வரை கொட்டிய இரவில்
உறையைச் சட்டைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அதைக் காட்ட ஒரு கணினியும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான்:
செப்டெம்பரில் நானும் ஜெயரூபனும்
கூட்டுக் கணக்கை மூடினோம்.
சண்டை ஓய்ந்துபோய், சமையலறை மேசையில்
பட்டியல் எழுதினோம்.
சோபா அவருக்கு.
இட்லிச் சட்டி எனக்கு.
கார் எனக்கு, தொலைக்காட்சி அவருக்கு,
அதிரன் கிழமை நாட்களில் எனக்கு.
மாதாமாதம் ஐந்தாம் திகதி
கார்க் காப்புறுதி வந்து
அந்தக் கணக்கில் கையை விட்டு எடுப்பதை
இரண்டு பேரும் எழுத மறந்தோம்.

ஒக்டோபர் ஐந்து. கையை விட்டது.
வெறும் பானை.

கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயின.
முதலாவது, நினைவூட்டல். இரண்டாவது, எச்சரிக்கை.
மூன்றாவதுக்குக் கையெழுத்து வேணுமாம்,
அவரே போட்டு வாங்கியிருக்கிறார்.
ஒளித்து வைக்கவில்லை.
மைக்ரோவேவுக்கு மேலே அடுக்கியிருந்தார்,
வரும்போது கொடுப்போம் என்று.
நான் போகவில்லை.
பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு
ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அப்படியே அந்தக் குளிர்காலம் முழுக்க
காப்பில்லாத காரில்
இரவு வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.
விட்பி தாண்டும்போது ஒருநாள்
கண்ணாடி ஐஸில் கார் முழுவதுமாய் ஒரு சுற்றுச் சுற்றி
போன திசையைப் பார்த்தே நின்றது.
பின் சீட்டில் அதிரன் கை தட்டினான்:
"அம்மா, இன்னொருக்கா!"
அது அறிக்கையில் இல்லை.

வசூல்காரன் ஆங்கிலத்தில்தான் தொடங்கினான்.
என் பெயரை உச்சரித்த விதத்தில் பிடிபட்டுப் போனான்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, குரலைத் தாழ்த்தி, "அக்கா,
காசு வந்தது என்று எழுத்தில வாங்குங்கோ.
நான் சொன்னதெண்டு சொல்லாதையுங்கோ."
காசு கட்டினால் அழிஞ்சிடுமா தம்பி?
"கட்டினது எண்டு எழுதுவினம்.
கோடு கிடக்கும். ஆறு வருஷம்."

ஆறு வருஷம்.
அதிரனுக்கு மீசை அரும்பிவிடும்.

மாதக் காப்புறுதி எப்போதும் அந்த அறிக்கையில் ஏறுவதில்லையாம்,
ஒழுங்காய்க் கட்டிய ஒன்பது வருஷமும்.
தவறி, வசூல்காரன் கைக்குப் போனபிறகுதான் ஏறுமாம்.
இதையும் அவன்தான் சொன்னான்.

புதிய கம்பெனிப் படிவத்தில் ஒரு கேள்வி:
பணம் கட்டாததால் காப்புறுதி எப்போதாவது ரத்தானதா?
ஆம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.
இரண்டு மடங்கு. அதுவும் முழு வருஷத்துக்கும் முன்காசு.

மார்க்கம் வீதிக்குப் போனேன்,
ஒரு சோடிக் காப்பில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு.
காப்பை விற்றுக் காப்புறுதி.
இந்தப் பகிடியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்
காருக்குள் தனியே சிரித்தேன்.

கடைக்காரர் பெயர் கேட்கவில்லை.
கறுப்புக் கல்லில் ஒருதரம் உரசினார்.
மஞ்சளாய் ஒரு கோடு.
குனிந்து பார்த்தார், தலையாட்டினார்,
பெருவிரலால் கோட்டைத் துடைத்துவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.