கணவாய்க்கு மூண்டு

பதினொரு நாள் பிந்திப்போன நூலகப் புத்தகம்
என் கைப்பையில், சோற்றுப் பெட்டிக்குக் கீழே.
அதற்குள் ஒரு துளி சொதி.
தண்டப்பணம் கட்டலாம்,
ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை
ஒருவருக்கும் சொல்லாமல்
எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?

கஸ்தூரியார் வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை.
வில்லை தேய்ப்பது என் வேலை.
சனம் இல்லாத மத்தியானத்தில்
மேசைக்கு அடியில் புத்தகம் விரியும்.
வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுமுன்
சூரியனையே சுற்றி முடித்துவிடுமாம்.
வாசித்ததும் மூக்குக்குள் ஏதோ குறுகுறுக்கும்,
தும்மலுக்கு முன் வருமே, அது.
அடக்க ஏலாது.

முதலில் அகப்படுகிறவள் பக்கத்துத் துணிக்கடைப் பரீனா.
மீற்றர் கோலைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"அப்ப அங்க நாட்கூலிக்காரன் செத்தான், என்ன?"
அன்று பின்னேரம் முழுக்க
வெள்ளிக் கோளின் சம்பளக் கணக்குப் பார்த்தோம்.

வாழைப்பழத்தில் கதிர்வீச்சு உண்டு,
துளிதான், பயப்படத் தேவையில்லை என்று
திருநெல்வேலிச் சந்தையில் சொன்னேன்.
பின்பாதி எவர் காதிலும் ஏறவில்லை.
குகநேசன் ஒரு கதலிக் குலையைத் தூக்கிப் பிடித்து
"அக்கா, கரண்ட் போனால் இது காணுமோ?" என்றான்.

பிழையும் விட்டிருக்கிறேன்.
தங்கமீனுக்கு ஞாபகம் மூன்று வினாடி என்று
நாலு பேரிடம் பரப்பினேன்.
அடுத்த புத்தகம் அது பொய் என்றது.
நாலு பேரிடமும் போய்த் திருப்பிக் கேட்டேன்.
மூவர் தந்தார்கள்.
மருந்துக்கடைச் சிவயோகன் மட்டும்
"எனக்கு அது பிடிச்சுப் போச்சு, இருக்கட்டும்" என்றுவிட்டார்.

ஆனால் கணவாய் விசயம் வேறு.

வெள்ளிக்கிழமை. வீட்டில் மச்சம் இல்லை.
பாசையூர்ச் சந்தைக்கு நான் வாங்கப் போகவில்லை,
சொல்லப் போனேன்.
"மூண்டு இதயமோ? போடி விசரி," என்றாள் எமில்டா,
என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்,
"எத்தினை ஆயிரம் வெட்டியிருப்பன்,
ஒண்டைக்கூடக் காணேல்லை."
பக்கத்தை விரித்துக் காட்டினேன்.
சொதித் துளி சரியாக நடு இதயத்தில்.

படத்தைப் பார்த்தாள். கத்தியைக் கழுவினாள்.
இரண்டு இழுப்பில் முடிக்கிற வேலையை
அன்றைக்கு மெல்ல மெல்லச் செய்தாள்,
வேறொருத்தியின் கடிதத்தைப் பிரிப்பதுபோல.
ஓடு ஒருபக்கம். மைப்பை உடையாமல் ஒருபக்கம்.
இரண்டு பூக்களும் விரிந்தன.
பூவின் அடியில் இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று,
கடலைப் பருப்பளவில்.
நடுவில் மற்றது.

"இதுகளோ!" என்றாள்.
"இதைத்தானேடி நான் பூனைக்கு எறியிறது."

தராசுக்குக் கீழே பூனை
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.
எத்தனை ஆயிரம் கணவாய். பெருக்கு மூன்றால்.

பிறகு என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.
"இஞ்ச வாங்கோ, வந்து பாருங்கோ!
ரண்டு பூவுக்கு, ஒண்டு உடம்புக்கு!"
எமில்டா கத்திமுனையால் காட்டக் காட்ட
நண்டு விற்கிறவளும் ஐஸ் உடைக்கிறவனும் குனிந்தார்கள்.
இரத்தம் நீலமாம் என்றேன் நான்,
ஐஸ் சத்தத்தில் அது போய்விட்டது.
"ஒண்டை வைச்சே இந்தப் பாடு," என்றாள் நண்டுக்காரி,
எதை நினைத்தோ.

திறந்த கணவாயை என்னிடமே நிறுத்துத் தந்தாள்.
முழு விலை.
"இண்டைக்கு வெள்ளியடி" என்றேன்.
"பிரிட்ஜில வை. நாளைக்குச் சனி.
புத்தகத்தை விட்டிட்டுப் போ."

இன்றைக்குப் பதினேழாவது நாள்.
விடிய ஐந்தரைக்குப் போன் அடித்தது,
பின்னால் கடலும் ஏலக்காரனும்:
"எடியே, றாலுக்கு இதயம் தலைப்பக்கத்திலயாம்!"

எனக்குத் தெரியும்.
நூற்றித் தொண்ணூற்றெட்டாம் பக்கம்.

"மெய்யாவோ?" என்றேன்.