ஆறு இல்லை

கிரேமவுத்தில் மழை விட்டு நான்காம் நாள்.
மேவிஸ் காரிகன் வீட்டில்
தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அடி.
மல்லாந்தபடி நகர்கிறேன்.
உத்திரத்தில் ஊசியைக் குத்தினால்
மீட்டர் இருபத்தெட்டு என்கிறது.

“ஆத்துத் தண்ணிதானே?”
பலகை வழியே அவள் குரல்.
ஆறு வருஷமாக ஆற்றைத்தான் திட்டுகிறார்கள்.

காற்றுத்துளைகள் திறந்தே இருக்கின்றன,
ஒன்றில் மட்டும் முள்ளெலி.
பிறகு, குளியலறைக்குக் கீழே
வெள்ளிநிறக் குழாய் ஒன்று
எங்கும் போகாமல்
வாய் பிளந்து கிடக்கிறது.

அதன் முன்னே, மண்மேல்
விரல்தடிமனுக்குப் பஞ்சுத்தூசு:
நீலம், பள்ளிச் சீருடைச் சிவப்பு,
அடியில், நன்றாக அடியில்,
கைக்குழந்தை மஞ்சள்.

மேலே உலர்ந்ததெல்லாம்
இங்கே உலராமல் இருந்திருக்கிறது.

“ஆறு இல்லை” என்கிறேன்.
காலடி நிற்கிறது.
“டிரையர் குழாயை வெளியே விடணும்.
மண்ணுக்கு பாலித்தீன்.”

விரிப்பதற்கு முன் தூசை வாரிப் பையில் போட்டேன்.
மஞ்சளை மட்டும்
ஏனோ தனியாக.