புல எண் 214/3பி

நோட்டீஸ் படிவத்தில் நான்கே கோடுகள்:
பெயர், தகப்பனார், புல எண், ஆஜராக வேண்டிய நாள்.
பதவிக்குக் கோடு இல்லை.
"வேடியப்பன், த/பெ மாரப்பன், மத்தூர் வழி"
என்று நிரப்பி அனுப்பினேன்.
ஏழு வண்டிகள் வந்து நின்றபோதுதான் தெரிந்தது
அளவைக்கு நான் வரச் சொன்னது
வடகிழக்கில் ஒரு மலை மாநிலத்தின் ஆளுநரை.

தோப்புக்குள் கார் போகாது.
காய் பிடித்த பெங்களூரா மாமரங்கள்
வந்தவர் அத்தனை பேரையும் குனிய வைத்தன,
அவரையும்.
"மேதகு..." என்று தாசில்தார் தொடங்கிய வாக்கியம்
ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது.

"சங்கிலி எங்கேம்மா?"
சங்கிலி போய் ஒன்பது வருஷம், ஐயா. இப்போது மிஷின்.
திம்மராயன் மட்டும் இன்னும் செயின்மேன்.
அதைக் கேட்டு அவர் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

சாட்டிலைட் கிடைக்கப் பத்து நிமிஷம்.
அதற்குள் ஒரு ஆயுளைச் சொல்லி முடித்தார்:
அமராவதி நகர், டேராடூன், பிறகு பனி.
பனி, பனி, நடுவில் ஒரு கல்யாணம், மறுபடி பனி.
கடைசியில் நாற்பதாயிரம் பேர் அவர் சொல்லுக்குக் கீழே.
"அப்போ நான் சொன்னாத்தான் நடக்கும்.
இப்போ எல்லாம் என் பேர்லதான் நடக்குது,
நான் எதுவும் சொல்றதில்ல."

என் பையில் மறு அளவை அரசாணை இருந்தது.
அடியில் வழக்கமான வரி: ஆளுநரின் ஆணைப்படி.
அது வேறு ஆளுநர்.
வரி ஒன்றுதான்.

பங்காளி முனிரத்தினம் பம்புசெட் ஓரம்,
துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல்.
நாலு சென்ட் வழக்கு, பதினோரு வருஷம்.
"ஒரு அங்குலம் விடமாட்டேன்னு டிவியில சொன்னியே,
நானும் அதே வம்சம்தான்."
ஜெனரலிடம் பதில் இல்லை.

மிஷின் கூவிய இடத்தில்
துணி துவைக்கும் கல் ஒன்று.
திம்மராயன் கடப்பாரை போட்டுப் புரட்டினான்.
அடிப்பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான்:
கையில் வில், மார்பில் இரண்டு அம்பு,
காலடியில் பானைபோல் ஏதோ.
"டேய், வேடியப்பன்டா!" என்று அலறினான் முனிரத்தினம்.
பாதுகாவலர் இருவரின் கை இடுப்புக்குப் போனது.
தன்னைத்தான் கூப்பிடுவதாக ஜெனரலும் திரும்பினார்.
பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றினோம்,
தாசில்தார் கடைசியாக.

தர்மபுரி அகழ்வைப்பகத்தில் ஒரு வாரப் பயிற்சி எனக்கு.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
மேலே அரசன், அவனுக்கு யாண்டு இத்தனை.
அடுத்து அவனுக்காக இந்த நாட்டை ஆண்டவன்.
அதற்கும் கீழே, தொறு மீட்டுப் பட்டான் கல்.
பட்டவன் பெயர் இருந்த விளிம்பு மட்டும்
சோப்புத் தண்ணீர் ஊறி உதிர்ந்திருந்தது.

ஜெனரல் குந்தி உட்கார்ந்தார்.
முழங்கால் சத்தம் கேட்டது.
அரசனைப் பற்றிக் கேட்கவில்லை.
உதிர்ந்த இடத்தில் விரலை வைத்து
ஒரு பெயரைச் சொன்னார்.
எங்கள் பக்கத்துப் பெயர் இல்லை.
இன்னொன்று சொன்னார்.
மூன்றாவது நினைவுக்கு வராமல்
வெகுநேரம் அப்படியே இருந்தார்.

நாலு சென்ட்டில் மூன்று முனிரத்தினத்துக்குப் போயிற்று.
தமிழில் கையெழுத்துப் போட்டார்,
'ழ' இல்லாத பெயர்தான், ஆனாலும் தடுமாறினார்.
"இந்த உத்தரவு யார் பேர்லம்மா போகும்?"
தாசில்தார் பேரில், ஐயா.
"நல்லது" என்றார்.

வண்டிகள் போன பின்
புலப்படத்தை முடித்தேன்.
எல்லைக்கல் என்ற கட்டத்தில்
இரண்டே சொல்தான் அனுமதி.
'உள்ளது' என்று எழுதினேன்.