அறுபத்தோராவது ராடு

சூளகிரி தாண்டி
ஸ்கூட்டர் கம்பெனிக்குப் போகும் புதுச் சாலையில்
மண்ணுக்கு வந்த விலையை
மண்ணே நம்பியிருக்காது.
போன வருஷம் கேழ்வரகு நின்ற இடத்தில்
மஞ்சள் அடித்த எல்லைக்கல், கொடி, சிமெண்ட் வளைவு,
'தண்ணீர் வசதியுடன்' என்று ஒரு பலகை.
அந்தத் தண்ணீரைத்தான்
நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு
சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஆரம்பித்தது.
இரண்டு லாரி. ஒன்றில் ரிக்,
இன்னொன்றில் கம்ப்ரசரும் ராடுகளும் எங்கள் துணிமூட்டையும்.
தூக்கிக் கொடுப்பது புத்ராம், பூட்டுவது லக்கன்,
லீவரில் திம்மராயன்,
நோட்டில் கோடு கிழிப்பது நான்.
ராடு ஒன்று இருபது அடி.
ஐந்து கோடு ஒரு கட்டு, ஒரு கட்டு நூறு அடி.
பிக்கிலியில் பத்தாவது முடித்தவனுக்கு
இதற்குமேல் கணக்கு தேவைப்படவில்லை.

சொல்லக் கூடாது, சொல்கிறேன்.
நூறடியில் தண்ணீர் வந்தால் எங்கள் முகம் தொங்கிவிடும்.
முந்நூறு தாண்டினால்தான் அடிக்கு விலை ஏறும்.
கற்பூரம் காட்டும்போது
பிளாட்காரர் ஒன்று வேண்டுவார்,
நாங்கள் வேறொன்று.
தட்டு ஒன்றுதான்.

முப்பதாவது ராடில் வெள்ளைப் புழுதி.
நாற்பதாவதிலும் வெள்ளைப் புழுதி.
புத்ராமின் புருவம்
மாவு மில்லில் வேலை பார்க்கிறவன் புருவம் மாதிரி.
சத்தீஸ்கரில் பஸ் நின்ற இடத்திலிருந்து
அரைநாள் நடந்தால் அவன் ஊர்.
நான்கு வருஷத்தில் அவனுக்குச் சேர்ந்த தமிழ்
ஏத்து, இறக்கு, நிறுத்து, சோறு, நாளைக்கு.
'நாளைக்கு'
அவன் சம்பளம் கேட்ட நாட்களில் கற்றுக்கொண்டது.
காது பாதி போய்விட்டது அவனுக்கு.
எனக்கும்தான்.
ரிக்கை அணைத்த பிறகும்
ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து
ஊறுகாய் கேட்டுக் கத்திக்கொண்டிருப்போம்.

ஐம்பதில் பிளாட்காரருக்குப் போன் போட்டோம்.
பெங்களூரில் இருந்தார். "போ" என்றார்.
ஐம்பத்தைந்தில் மறுபடி.
"போய்யா, போ" என்றார், தூக்கத்தில் புரண்டபடி.

மூன்றரை மணி. அறுபத்தோராவது.
முதலில் ஹேமரின் குரல் கம்மியது.
புழுதி சேறானது, சேறு நாறியது,
பிறகு தென்னை உயரத்துக்கு எழுந்தது.
லக்கன் சட்டையோடு அடியில் போய் நின்றான்.
இளஞ்சூடாக இருந்தது தண்ணீர்,
யாரோ எங்களுக்கென்று
அவ்வளவு ஆழத்தில் அடுப்பு மூட்டி வைத்த மாதிரி.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தக்காளித் தோட்டம்.
அங்கே ஒரு மோட்டார் இருமியது.
இருமி, காற்றை இழுத்து, வெறுமனே சுற்றியது.
டார்ச்சோடு ஒரு அம்மா வந்தாள்.
திட்டு விழும் என்று திம்மராயன்
லாரிக்குப் பின்னால் பீடி பற்றவைக்கப் போனான்.

அவள் திட்டவில்லை.
வேலிக்கடியில் புகுந்து தன் பாத்திவரை வந்துவிட்ட எங்கள் சேற்றை
செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தாள்.
"என்னுது எண்ணூறு அடி."
பிறகு என் நோட்டில் வெளிச்சம் அடித்து
உதடு அசைய எண்ணினாள், ஒவ்வொரு கட்டாக.
பன்னிரண்டு. மேலே ஒரு கோடு.
"அப்போ எனக்கு?"
"பதினாலு கட்டு பிடிக்கும்க்கா."
"அடிக்கு என்ன?"
பத்து ரூபாய் குறைத்துச் சொன்னேன்.
ஏன் குறைத்தேன் என்று முதலாளி கேட்பார்.
தக்காளிச் செடிகளின் மேல்
டார்ச்சை ஒருமுறை ஓட்டி, அணைத்தாள்.
"புதன்கிழமை வந்துடுங்க."

பேர் கேட்டேன். முனிரத்தினம்மா.
ஈரத்தில் பேனா எழுதவில்லை.
மறந்துவிடும் என்று
திம்மராயனைப் பார்த்துக் கத்தினேன்:
"புதன்! புதன்!"

பாதிக் காதில் தன் பெயர் கேட்டதாக நினைத்து
ராடைப் போட்டுவிட்டு
சொட்டச் சொட்ட ஓடி வந்தான் புத்ராம்.

"ஏத்து?"