திரும்பிப் போகும் சரக்கு

பதினோரு தகரப் பெட்டி, இருநூற்றுப் பதினான்கு கிலோ.
ஹாம்பர்க்கிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு.
வணிக மதிப்பு என்ற கட்டத்தில்
'இல்லை' என்று டைப் அடித்திருந்தார்கள்.

ராஜாஜி சாலை, சுங்க மாளிகை, மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
நான் கிளியரிங் ஏஜென்ட்.
மிளகாய் வற்றல், டயர், ஒருமுறை
செத்துப்போன ஒருவரின் பியானோ.
சினிமா இதுதான் முதல்.

எக்கார்ட் லிண்ட்னர் கூடவே வந்துவிட்டார்.
வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.
எழுபத்தொரு வயது, ஆறடிக்கு மேல்,
சட்டை முதுகோடு ஒட்டிப்போய்
என் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

மதிப்பீட்டு அதிகாரி பத்மாசனி மேடம்
பட்டியலில் விரல் வைத்துப் படித்தார்:
அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தொன்று, எழுபத்து நான்கு.
அப்புறம் தொண்ணூற்றிரண்டு.
விரல் நின்றது.
"நடுவுல பதினெட்டு வருஷம். பெட்டி ஏதும் குறையுதா?"

நான் மொழிபெயர்க்கவில்லை.
விரல் நின்ற இடத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.
பற்பசை விளம்பரம், என்றார்.
பற்பசை, நாய் பிஸ்கட், இரண்டு வங்கி.
பணம் போட்டவன் ஓடிப்போனான்.
மனைவியும், ஆனால் வேறு திசையில்.
சொல்லிவிட்டுச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.
ஓரத்தில் 'குறைவு இல்லை' என்று எழுதினார்.

விதிப்படி ஒரு பெட்டியாவது திறக்க வேண்டும்.
தொண்ணூற்றிரண்டைத் திறந்து
ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
ஒரு பெண் சாலையைக் கடக்கிறாள். கடக்கிறாள்.
இரண்டு கை நீளம் இழுத்தும்
நடுச்சாலையில்தான் நிற்கிறாள்.
"போய்ச் சேருவாளா?"
எக்கார்ட் தலையை ஆட்டினார்,
ஆமாமா இல்லையா என்று தெரியாதபடி,
நம் ஊர் ஆள் மாதிரியே.
முத்திரை விழுந்தது.

நான்கு நாள் திரையிட்டார்கள். நவம்பர். மழை.
கடைசிக் காட்சிக்கு ஒன்பது பேர்.
அதில் நான் ஒருவன், ப்ரொஜெக்டர் சாலமோன் ஒருவர்,
பின்வரிசையில் நனைந்த குடையை மடியில் வைத்தபடி
பத்மாசனி மேடம்.
அவள் நடுச்சாலைக்கு வந்தபோது கரண்ட் போனது.
யாரும் எழுந்திருக்கவில்லை.

திருப்பி அனுப்பும்போது எடை ஒத்துப்போக வேண்டும்.
எண்ணூறு கிராம் கூடுதலாக இருந்தது.
தராசுக்காரர் என்னைப் பார்த்தார்.
நான் மேடத்தைப் பார்த்தேன்.
"ஈரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச்
சாப்பிடப் போய்விட்டார்.

மதிப்புக் கட்டம் பழையபடியே இருந்தது.
அதைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது.