இறந்தகாலம்

ஞாயிறு இரவு பதினொன்றரை.
கிளமெண்டியில், கடைசி ரயில் தலைக்கு மேல் போகும் இடத்தில்
எங்கள் புரோட்டாக் கடை.
நான்கு நாற்காலியில் ஒன்று காலி,
அதன்மேல் இடம்பிடித்து வைத்த டிஷ்யூ பாக்கெட்.
காசிராஜன் வரவில்லை.
பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டுக்குள்
யாருடையதோ சரக்கை
யாருடையதோ கப்பலில் அடுக்கிக்கொண்டிருக்கிறான்.
'சாம்பல் நதி'யின் கடைசி அத்தியாயத்தை
இன்னும் பார்க்காதவன்
எங்களில் அவன் ஒருவன்தான்.

அவன் வருவதற்குள் பேசித் தீர்க்க வேண்டும்.
பேருந்து ஓட்டும் ஹஃபீஸுக்குக் கோபம்:
வட கோட்டையிலிருந்து கழிமுகத்துக்கு
ஒரே இரவிலா பறந்தது அந்தச் செம்புப் பறவை?
நடுவில் எங்கேயும் நிற்காமலா?
"பறவைக்கும் டைம்டேபிள் உண்டு" என்று மேசையைத் தட்டினான்.
சியூ மெய் பதில் சொல்லவில்லை.
நாற்காலிக்குக் காவல் வைத்த பாக்கெட்டையே பிரித்து
மூக்கைச் சிந்தினாள்.
ஆறு வருடம். அந்தத் துடுப்பு மட்டும் தனியாக மிதந்து வந்ததே,
அதை எப்படி மறப்பது என்றாள்.
எனக்கும் தெரியவில்லை. தே ஓ ஆறிக்கொண்டிருந்தது.

வந்துவிட்டான்.
நெற்றியில் தலைக்கவசம் பதித்த சிவப்புக் கோடு.
"யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நாளைக்கு எனக்கு லீவு,
பகல் பூரா உக்காந்து பாக்கப் போறேன்."

சரி என்றோம்.
உப்பு மலைகளை எங்கே படம்பிடித்திருப்பார்கள் என்று பேசினோம்.
முரசுச் சத்தத்தைப் பேசினோம். மழையைக்கூடப் பேசினோம்.
சியூ மெய்யின் நாக்குநுனியில் ஒரு 'லியாவ்' எட்டிப் பார்த்தது,
ஐஸ்கட்டியோடு சேர்த்துக் கடித்து விழுங்கினாள்.
ஹஃபீஸ் ஒரு 'சூடா'வைக் குழம்பில் முக்கித் தின்றான்.
அவர்களுக்கு அது எளிது.
முடிந்துபோனதைச் சொல்ல அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது,
வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம்.

நமக்கு அப்படியில்லை.
தொடக்கநிலை மூன்றாம் வகுப்புக்கு
முக்காலமும் நடத்துகிறவள் நான்.
வினையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது காலம்.

புரோட்டாவைப் பிய்த்தபடி சும்மாதான் கேட்டான்:
"படகுக்காரி மொர்வாவ உனக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும்?"
நானும் சும்மாதான் சொன்னேன்:
"அவ ரொம்ப நல்லவளா இருந்தா."

கடையில் தட்டுகள் மோதும் ஓசை.
ஹஃபீஸ் என்னைப் பார்த்தான், அவனுக்குத் தமிழ் தெரியாது,
ஆனாலும் பார்த்தான்.
நான் அவசரமாக அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தேன்:
"நல்லவளா இருந்தா... யாருக்குத்தான் பிடிக்காது?"
பேச்சுத் தமிழில் இருந்தாளும் இருந்தாலும் ஒரே 'இருந்தா'தானே,
அந்தச் சந்து வழியாகத் தப்பித்துவிடலாம் என்று.

காசிராஜன் சிரிக்கவில்லை.
முப்பது மீட்டர் உயரத்திலிருந்து
பெட்டியின் நான்கு மூலைகளையும் பார்க்கிறவன்.
"டீச்சர்," என்றான், "நீ சொன்னது நிபந்தனை இல்ல."
அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.
எப்போதும் போல மீதிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டான்,
எப்போதும் போல ஹஃபீஸின் காசையும் சேர்த்துக் கொடுத்தான்.

மறுநாள் மதியம்,
குழந்தைகள் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது
மேசைக்குள் கைபேசி நடுங்கியது.

"இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. நிறுத்தி வச்சிருக்கேன்.
படகுல ஏறிட்டா. கையில துடுப்பு இருக்கு.
கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்."

எழுதி எழுதி அழித்தேன்.
எந்த வினையைத் தொட்டாலும்
அது ஏதாவதொரு கரையில் போய் நின்றது.
கடைசியில் காலமே இல்லாத ஒரு சொல்லைத் தேடி அனுப்பினேன்:

"சரி."