சிவப்பில் வரைந்த திருப்பம்

கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.
தாளின் அடியில் நாங்கள்,
உச்சியில் போய்ச் சேரவேண்டிய இடம்,
நடுவில் ஒரே ஒரு கோடு.
மலையைச் சுற்றும் பாதையும் அதில் நேர்தான்.
குடல்போல் மடிந்து இறங்கும் பள்ளத்தாக்கும் நேர்தான்.
வளைவது ஸ்டியரிங்கின் வேலை,
தாளின் வேலை இல்லை
என்றார் சார்ஜென்ட் பர்ரியெந்தோஸ்.

கோட்டின் இருபுறமும்
அவர் அனுமதித்தவை மட்டும் இருந்தன.
இரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர்த் தொட்டி.
பதினேழில் கைவிட்ட வெடியுப்பு ஆலை, ஒற்றைப் புகைபோக்கி.
முப்பத்தொன்றில் ஒரு சிலுவை, வலப்பக்கம் ஒரு அம்பு.
மிச்ச அட்டகாமா முழுவதும்
வெள்ளைத் தாள்.
அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

பதினான்கு லாரிகளுக்குப் பதினான்கு நகல்கள்.
சிலுவையையும் எண்ணையும் அம்பையும் மட்டும்
ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே
சிவப்புப் பென்சிலில் அழுத்தி வரைந்திருந்தார்,
யாரும் தவறவிடக் கூடாதென்று.

எங்களுடையது முதல் லாரி.
யாமிலெத் சல்யாப்பா ஓட்ட,
நான் படிக்க.
பின்னால் வரும் பதின்மூன்று பேரும்
வரைபடத்தைப் பார்க்க மாட்டார்கள்,
எங்கள் வாலில் மினுங்கும் பொட்டு விளக்கைத்தான்.

முகப்பு விளக்கு கூடாது. நிலவும் இல்லை.
கண் இருட்டுக்குப் பழக வேண்டுமென்று
எனக்குக் கொடுத்திருந்தது சிவப்புக் கண்ணாடி டார்ச்.
தொட்டி வந்தது, சொன்னேன்.
புகைபோக்கி வந்தது, சொன்னேன்.
அதற்கு மேல்
கோடு நிமிர்ந்து போய்க்கொண்டே இருந்தது.
சிலுவை ஒன்று உண்டென்பது ஞாபகம்.
எந்த எண் என்பது ஞாபகமில்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
அந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று.

நாற்பத்துநான்கில் வெளிச்சம்.
முழங்கால் உயர வீடு, உள்ளே மெழுகுவர்த்திகள்,
கூரைமேல் சிலுவை, வலப்பக்கம் ஒரு மண்தடம்.
இங்கே சாலையில் செத்தவர்களுக்கு
செத்த இடத்திலேயே வீடு கட்டுவார்கள்.
அனிமீத்தா என்போம்.
“இதுதான், திரும்பு” என்றேன்.

பெயின்ட் பிரஷ்ஷோடு ஒரு பெண்
சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.
விடிந்தால் ஆத்மாக்கள் நாள்;
இரவோடு இரவாக நீலம் அடித்துக்கொண்டிருந்தாள்.
“உங்களுக்கு வேண்டியது ருஃபீனோ.
அவன் பதின்மூன்று கிலோமீட்டர் பின்னால்.
அவன் வாசலில் டயர் இருக்கும்.
இது என் வீட்டுக்காரர் எலிசேயோ.
இங்கே லாரிக் கதவு, பார்த்தால் தெரியவில்லையா?
அந்தத் தடத்தில் போனால் உப்புப் பொருக்கு.
உங்கள் கனத்துக்கு அச்சு வரை உள்ளே போகும்.”

யாமிலெத் இறங்கி வந்து
தாளை என் கையிலிருந்து பிடுங்கி
அந்தப் பெண்ணின் கேஸ் விளக்கருகே பிடித்தாள்.
முப்பத்தொன்று, சிலுவை, அம்பு,
மூன்றும் கடன்காரர்கள்போல் வந்து நின்றன.
“சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு” என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை,
திரும்பிப் போன பதின்மூன்று கிலோமீட்டரும்.

பதினான்கு லாரிகளைத் திருப்ப
ஐம்பது நிமிடம்.
ஒவ்வொன்றுக்கும் அவளே முன்னால் நின்று
பிரஷ்ஷை ஆட்டி வழிகாட்டினாள்.
எங்கள் பம்பரில் நீலத் துளிகள்.

போய்ச் சேர்ந்ததும் வரைபடங்களை எண்ணி வாங்குவார்கள்.
அதற்குமுன், கோட்டுக்கு வெளியே,
வெள்ளையில், சாதா பென்சிலால் எழுதினேன்:
44. எலிசேயோ. லாரிக் கதவு. திரும்பாதே.
சார்ஜென்ட் நெடுநேரம் பார்த்தார்.
“இது யாருடைய பாதை?” என்றார்.
“நாம் போகாத பாதை, சார்.”
மடித்து, மற்றவற்றோடு சேர்க்காமல்,
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் பயிற்சிக்குப் புது நகல்கள் வந்தன.
எல்லாமே கறுப்பு.
அதே கோடு, அதே தொட்டி, அதே புகைபோக்கி.
முப்பத்தொன்றில் சிலுவை; பக்கத்தில் ஒரு டயர்.
கோட்டுக்கு வெளியே, எங்கும் சேராமல்,
அவருடைய கோணல் கையெழுத்தில்:
44. எலீசியோ. திரும்பாதே.

பெயரில் பிழை.
யாமிலெத் பேனாவை நீட்டினாள்.
பதினான்கையும் திருத்தினோம்.